குளியலறை வழியாக வந்த ஆறு

வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரியிடம் நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். உள்ளே காற்றுக்குமிழி தங்காமல் தட்டித் தட்டி நிரப்பிய தண்ணீர். ஒரு முனையை அவர் ஒரு மூலையில் பிடித்துக்கொள்வார்; மறுமுனையை எதிர்மூலையில் இன்னொருவர் பிடிப்பார். இரண்டு முனையிலும் தண்ணீர் அசைவடங்கி நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு விழும். அந்த இரண்டு கோடுகளும் ஒரே மட்டம். நடுவில் சுவர் இருக்கலாம், மண்மேடு இருக்கலாம், குழாய் எப்படி வேண்டுமானாலும் வளைந்து கிடக்கலாம். ஒன்றோடொன்று இணைந்த இடங்களில் அசையாமல் நிற்கும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ட்யூப் லெவல் என்று அவர்கள் சொல்லும் இந்தக் கருவியை வைத்துத்தான் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு பேஸ்மட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் வெள்ளம் எப்படி நுழைகிறது என்பதைப் புரிந்துகொள்ளவும் இந்தக் குழாயே போதும்.

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு சிறிய ஆறுதான். கோடையில் பார்த்தால் ஆறு என்றே தோன்றாது. 2015 ஆவணியில் அங்கே பால் காய்ச்சிக் குடிவந்த ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கணவனின் தாயார். அரை கிரவுண்டு மனை, இருபது வருட வங்கிக் கடன், சமையலறையில் புது பிளைவுட் அலமாரி. இது குறிப்பிட்ட ஒரு குடும்பம் அல்ல. அந்த மழைக்காலத்தில் அந்தப் பகுதி வீடுகளில் நடக்கக்கூடியவற்றைச் சேர்த்து நான் அமைத்துக்கொண்டது. குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது என்பது இந்தக் கதையில் முக்கியம். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கத்திலிருந்து வரும், எவ்வளவு நேரத்தில் வடியும் என்பதெல்லாம் ஓர் இடத்தில் பல மழைக்காலங்களைக் கழித்தவர்களுக்கே தெரியும். இவர்களுக்கு இதுதான் முதல் ஐப்பசி, முதல் கார்த்திகை.

டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். லண்டனில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 60 சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கில், நம் குடும்பத்தின் அரை கிரவுண்டு மனைமீது மட்டும் ஒரே நாளில் 54,000 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் நான்கரை லாரி. அக்கம்பக்கத்து மனைகள் ஒவ்வொன்றுக்கும் அதே அளவு.

இவ்வளவு தண்ணீர் வானத்தில் எங்கிருந்து வந்தது? வடகிழக்குப் பருவத்தில் வங்கக்கடல் மேலிருந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு கரையைத் தொடுகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். கடற்கரைக்கு அருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வுநிலை நகராமல் நின்றுவிட்டால், மழை கொட்டித் தீர்ந்த காற்றுக்குப் பின்னாலேயே ஈரம் நிறைந்த புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். மேகம் ஒன்றுதான் இருப்பதுபோல் கீழிருந்து தெரிந்தாலும், அது மணிக்கு மணி புதுப்பிக்கப்படுகிறது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. அத்தகைய ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் கூடுதலாகப் பெய்யும் போக்கு உண்டு.

ஆனால் அந்த ஒரு நாள் மழையை மட்டும் வைத்து அந்த ஆண்டு சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தை விளக்க முடியாது. அதற்கு முந்தைய நவம்பரில் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. வழக்கமான நவம்பரைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். மண்ணில் துகள்களுக்கு இடையே உள்ள காற்றுவெளிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. அப்படி நிரம்பிய மண்ணில் விழும் மழைக்கு, சிமென்ட் தரையில் விழும் மழைக்கு உள்ள கதிதான்: அப்படியே வழிந்தோடும். ஏரிகளும் நிரம்பியிருந்தன. நம் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, போக்குக் கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் ஆறு, அப்புறம் கடல். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி ஏரிகளைக் கவனிக்கவே தனியாக ஒரு வாரியம் இருந்தது என்றால், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஊரார் நன்றாக அறிந்திருக்க வேண்டும். ஏரி காலியாக இருந்தால் வெள்ளத்தை வாங்கித் தணிக்கும். நிரம்பிய பிறகு வருவதை அப்படியே அனுப்பிவைக்கும், அவ்வளவுதான்.

2015 வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது உண்மை. அது வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். அந்தத் தண்ணீர் எப்போது, எப்படித் திறக்கப்பட்டது என்ற கேள்விகள் நியாயமானவை. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கின்றன. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வழிந்து வந்த தண்ணீர். கீழே ஆறு ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்ததால், மேலிருந்து வருவது வேகமாக இறங்கவும் வழியில்லை. ஒரே பெயரில் எல்லாப் பழியையும் போட்டுவிட்டால், தன் வீட்டுக்கு மேலே எந்த ஏரி இருக்கிறது என்று யாரும் தேடிப்போகமாட்டார்கள். எனக்கு இது பெரிய கவலை.

இனி வீட்டுக்குள் போவோம்.

நவம்பர் நடுவில் ஒருமுறை தண்ணீர் தெருவை மூழ்கடித்து, இவர்கள் வாசல்படி வரை வந்து திரும்பியிருந்தது. அதனால் டிசம்பர் 1 மாலை மழை வலுத்தபோது கணவன் முன்னெச்சரிக்கையாக மணல் மூட்டைகளை வாசலில் அடுக்கினார். கதவின் அடியிடுக்கில் பழைய துணியைத் திணித்தார். எல்லோர் கண்ணும் வாசலிலேயே இருந்தது. இரவு பதினொரு மணிக்குப் பின்கட்டிலிருந்து மருமகளின் குரல் கேட்டது: “அத்தை, பாத்ரூம்ல தண்ணி மேல வருது!”

குளியலறைத் தரை எப்போதும் கூடத்தைவிட ஓரிரு அங்குலம் பள்ளமாகவே இருக்கும். தண்ணீர் கூடத்துக்கு வராமலிருக்க மேஸ்திரி அப்படித்தான் போடுவார். அந்தத் தரையின் துளையிலிருந்து ஒரு குழாய் வெளியே போகிறது. கழிப்பறையிலிருந்து இன்னொரு குழாய் செப்டிக் டேங்குக்குப் போகிறது. செப்டிக் டேங்கின் மூடி முற்றத்தின் தரைமட்டத்தில். வெளியே தண்ணீர் மூடிக்குமேல் ஏறியதும் இடுக்குகள் வழியாகத் தொட்டிக்குள் இறங்கி நிரப்பிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து தெருவும் குளியலறையும் ட்யூப் லெவலின் இரண்டு முனைகள். வெளியே எந்த மட்டமோ உள்ளேயும் அதே மட்டம். வாசலில் எத்தனை மூட்டை அடுக்கினாலும், இந்தக் குழாயை யாரும் அடைக்கவில்லை. செப்டிக் டேங்கில் கிடந்த கழிவும் அந்த நீரோடு சேர்ந்து வருவதுதான் கொடுமை. வெள்ளம் வீட்டுக்குள் கொண்டுவரும் முதல் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அந்த வீட்டுக்கே சொந்தமானவை.

இதைத் தடுக்க வழி உண்டு. வெளியே போகும் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தலாம். தண்ணீர் வெளியே போகும், திரும்பி வராது. வீடு கட்டும்போது செய்தால் செலவு சொற்பம். அவசரத்துக்கு, கழிப்பறைக் கோப்பைக்குள் கனமான மணல் பையை இறக்கி அழுத்தி, தரைத்துளைகளைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைக்கலாம். ஆனால் ஓரளவுக்கு மேல் தண்ணீரைத் தடுப்பதே ஆபத்து. மூன்றடி அகலக் கதவுக்கு வெளியே ஓரடி தண்ணீர் நின்றால் அது கதவைத் தள்ளும் விசை சுமார் 40 கிலோ எடைக்குச் சமம். மூன்றடி நின்றால் அது 350 கிலோவைத் தாண்டிவிடும். ஆழம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. உள்ளே உலர்ந்தும் வெளியே மூன்றடி தண்ணீருமாக நிற்கும் செங்கல் சுவர் எந்த நேரத்திலும் விரிசல் விடலாம். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாக நின்றால் சுவர்மேல் அழுத்தம் சரிசமமாகிவிடும். ஆகவே ஒரு கட்டத்துக்குமேல் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு மாடி ஏறுவதுதான் அறிவுடைமை. புதுத் தரையில் புது டைல்ஸ் மின்னிக்கொண்டிருக்கும்போது அந்த முடிவை எடுப்பதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது.

மாடி ஏறும் முன் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். தூய மழைநீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் தெருவில் ஓடி, சாக்கடையில் கலந்து, உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும் வெள்ளநீர் நன்றாகக் கடத்தும். இந்தக் குடும்பத்தலைவர் மெயினை அணைத்தார். தெருவிலும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஆயினும் கூடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டர். வெளி மின்சாரம் நின்றதும் அது தானாகவே வீட்டு வயர்களுக்கு 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கும், பிளக் பாயின்ட் தண்ணீரில் மூழ்கியிருக்கிறதா என்று பார்க்காது. அதைத் தனியாக அணைத்தாக வேண்டும். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி வீட்டில் இருந்தால் நல்லது. ஆனால் அது இன்வெர்ட்டர் வரும் இணைப்பையும் காக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் மோதும் சத்தம். தண்ணீர் அரையடியைத் தாண்டியதும் குளிர்சாதனப்பெட்டி மிதக்கத் தொடங்கிவிட்டது. அறுபது கிலோ எடை. அடிப்பாகம் 60க்கு 65 சென்டிமீட்டர். அது 15 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் மூழ்கினாலே தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கிவிடுகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, அதற்குமேல் அது படகு. ஆனால் மேல்பாகம் கனமான படகு, ஆகவே கவிழும். மாமியாரின் இன்சுலின் அதற்குள்தான் இருந்தது, எடுத்துக்கொண்டுதான் ஏறினார்கள். குளிர்ச்சி போனால் மருந்து உடனே கெட்டுவிடும் என்று பலர் பதறுவார்கள். திறந்து பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின், வெயிலும் கடும் வெப்பமும் படாமல் வைத்தால் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். டிசம்பர் மாதத்து அறை வெப்பம் அதற்கு ஆபத்தில்லை.

குளிர்சாதனப்பெட்டியைவிட எனக்கு அச்சம் தருவது கேஸ் சிலிண்டர். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. உருளையின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ. ஆனால் அதன் கொள்ளளவே 33 லிட்டர். ஆக, அது விலக்கும் தண்ணீரின் எடை அதன் எடையைவிட அதிகம். நிரம்பிய சிலிண்டரும் மிதக்கும். கவிழ்ந்து, அடுப்போடு இணைந்த ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு திரியும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை உயரத்தில் வைப்பதோ கட்டிவைப்பதோ இரண்டு நிமிட வேலை.

விடியும்போது மழை விட்டிருந்தது. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. வெள்ளத்தில் பலரை ஏமாற்றுவது இதுதான். ஒரு வீட்டின்முன் ஓடும் தண்ணீர் அந்த வீட்டின்மேல் பெய்த மழை மட்டும் அல்ல. இரவில் பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்தது ஏரிகளை நிரப்பி, கலங்கல் தாண்டி, கால்வாயில் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். மழையின் உச்சத்துக்கும் ஆற்றின் உச்சத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை நீரியலாளர்கள் ஒவ்வோர் ஆற்றுக்கும் கணக்கிட்டு வைப்பார்கள். மழை விட்டதே என்று கீழே இறங்கி, பைக்கை எடுக்கப் போனவர்கள் ஆபத்தில் மாட்டுவது இதனால்தான். ஓடும் தண்ணீரின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரே ஒருவரைச் சாய்த்துவிடும். 1,000 கிலோ எடையுள்ள சிறிய காரின் அடிப்பரப்பு ஏறத்தாழ ஆறு சதுர மீட்டர். அதன் அடித்தட்டுக்குமேல் 17 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினாலே, உள்ளே நீர் புகும் வரை, அது சாலையைப் பிடிக்காது.

மொட்டை மாடியில் அந்தக் குடும்பம் கழித்த பகலைப் பற்றி அறிவியல் சொல்ல வேண்டியது அதிகமில்லை. நனைந்த பிள்ளைகளைத் துடைத்து உலர்ந்த துணி போர்த்த வேண்டும். தண்ணீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பாகத் தோன்றும் வெள்ளநீரில் நெடுநேரம் நின்றாலும் நடுக்கம் வருவது இதனால். குடிக்க? சுற்றிலும் தண்ணீர், தொட முடியாத தண்ணீர். மாமியார் சமயோசிதமாக ஒரு புதுப் பாத்திரத்தை மாடியில் வைத்து, மறுபடி தூறியபோது நேராக வானத்திலிருந்து பிடித்தார். முந்தைய நாள் முழுக்கப் பெய்த மழை காற்றிலிருந்த தூசியைக் கழுவியிருந்ததால், அந்த ஊரில் அன்று கிடைக்கக்கூடிய சுத்தமான தண்ணீரில் அதுவும் ஒன்று. கைப்பேசியில் சிக்னல் இல்லை. கோபுரங்களின் பேட்டரிகளும் டீசலும் தீரத் தீர ஒவ்வொன்றாக அடங்கின. மாலையில் மீனவர்களின் படகு ஒன்று தெருவுக்குள் வந்தது. அந்த நாட்களில் சென்னையைக் கரையேற்றியதில் கடற்கரை மீனவர்களின் பங்கை எவ்வளவு சொன்னாலும் தகும்.

தண்ணீர் வடிந்த பிறகு வருவது நீண்ட வேலை. அறிவியல் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். முதல் தவறு பெரும்பாலும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பில் நடக்கும். வீடு திரும்பியவுடன் மோட்டார் வைத்து, கழிவு கலந்த நீரை ஒட்ட இறைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் நிலத்தடி நீர்மட்டம் அப்போது கிட்டத்தட்டத் தரையோடு இருக்கிறது. இரண்டு மீட்டர் ஆழமுள்ள 12,000 லிட்டர் சம்ப்பைக் காலி செய்தால், அதைச் சுற்றியுள்ள மண்ணின் நீர் அதை 12 டன் விசையோடு மேலே தள்ளும். சம்ப்பின் கான்கிரீட் எடை அதைத் தாங்காவிட்டால் தரை பிளக்கும். மண்ணில் நீர் இறங்கும் வேகத்துக்கேற்ப, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது பாதுகாப்பு. பிறகு சேற்றை வழித்துத் தேய்த்துக் கழுவி, அதன்பின் பிளீச்சிங் பவுடர். சேறு இருக்கும்போது போட்டால் குளோரின் முழுக்கச் சேற்றிலேயே செலவாகிவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது.

சுவர்களின் கதை வேறு. தண்ணீர் நான்கடி நின்றிருந்தால், ஈரம் ஆறடிக்கும் ஏறியிருக்கும். செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள நுண்துளைகள் வழியாகத் தந்துகிக் கவர்ச்சியால் தண்ணீர் புவியீர்ப்பை எதிர்த்து மேலே போகும். கூடவே உப்பையும் கொண்டுபோகும். ஈரம் ஆவியாகும்போது உப்பு வெளியே பூத்து, பூச்சைப் பொரித்து உதிர்க்கும். கார்த்திகை, மார்கழிக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒன்பது அங்குலச் சுவர் உள்வரை காய மாதக்கணக்கில் ஆகும். பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று அடித்தவர்கள் ஈரத்தை உள்ளே சிறைவைத்தார்கள். பிளைவுட் அலமாரிகளில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிட்டது. அவற்றைக் காப்பாற்றுவதைவிட வெளியே எறிந்துவிடுவது பிள்ளைகளின் மூச்சுக்கு நல்லது.

நோய்கள் வரிசை கட்டி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அளவு. வயிற்றுப்போக்கு முதலில். எலியின் சிறுநீர் கலந்த நீரில் காலில் சிராய்ப்போடு நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்து. ஓடும் வெள்ளம் கொசுப்புழுக்களை அடித்துச் சென்றுவிடும் என்பதால் உடனே டெங்கு வராது. தண்ணீர் வடிந்து, டயரிலும் உடைந்த பாத்திரத்திலும் தெளிந்து நிற்கத் தொடங்கியபின், முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம் பத்து நாள். வீடு சுத்தமாகிவிட்டது என்று நிம்மதி வரும் நேரத்தில்தான் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீடு வாங்கும் முன்பே இதையெல்லாம் அறிந்திருக்க முடியாதா? பெருமளவு முடியும். கிராம வரைபடத்திலும் சர்வே ஆவணங்களிலும் ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லாம் எண்ணோடு இருக்கின்றன. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் இன்றைய பல லே-அவுட்டுகள் இருக்கும் இடத்தில் நீலநிறம் இருக்கும். இவற்றைவிட எளிதான சாட்சி காலிமனைகளில் நிற்கிறது. சித்திரை வெயிலிலும் கோரையும் சம்பம்புல்லும் பச்சையாக நிற்கும் மனை, தண்ணீர் தங்கிப் பழகிய மனை. தெருமுனை டீக்கடைக்காரரிடமும் துணி தேய்ப்பவரிடமும் “மழைக்காலத்தில் இங்கே எதுவரை வரும்?” என்று கேட்டால் காலைத் தொட்டுக் காட்டுவார்கள். வில்லங்கச் சான்றிதழ் பார்க்கும் அக்கறையில் பாதி இதற்குப் போதும்.

2015க்குப் பிறகு சென்னையின் தாழ்வான பகுதிகளில் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது பரவலானது. அஸ்திவாரத்துக்குச் சற்று மேலே சுவரை அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை ஒரே சீராகத் திருப்பி, மொத்த வீட்டையும் அங்குலம் அங்குலமாக உயர்த்துகிறார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் முந்தினாலும் சுவர் கிழியும் என்பதால் மட்டம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல வீடுகள் பள்ளமானதற்குக் காரணம் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் போடப்பட்ட சாலை. அப்படித் தாழ்ந்துபோன வீட்டைத் தூக்குவதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் வீட்டோடு மனை முழுவதையும் மண்கொட்டி மூன்றடி உயர்த்தும்போது நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை கிரவுண்டில் மூன்றடி என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். அடுத்த வெள்ளத்தில் அந்த மனையில் நின்றிருக்கக்கூடிய அவ்வளவு தண்ணீரும் இனி தெருவிலும், இன்னும் உயர்த்தப்படாத பக்கத்து வீட்டிலும் நிற்கும். தெருவில் பாதிப் பேர் உயர்த்திய பிறகு மீதிப் பேரின் வாசல் எவ்வளவு பள்ளத்தில் இருக்கும் என்பதை எந்த மேஸ்திரியாலும் ட்யூப் லெவலை வைத்து முன்கூட்டியே அளந்து சொல்லிவிட முடியும். அப்படி அளப்பதற்குத் தெரு முழுவதும் சேர்ந்து ஒருவரை அமர்த்த வேண்டும்.